பதில் வந்துகொண்டிருந்த அறை

கருந்துளை ஒன்று பூமியில் மோதியபோது லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி படுக்கையறையில் பெட்டிக்குள் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை, காலை வேளை. அது தூசியைவிடச் சிறியது, மலையைவிடக் கனமானது. மொட்டைமாடியில் ஊசி குத்தினாற்போல் ஒரு ஓட்டை, மெத்தையில் அதேபோல் இன்னொன்று. அதன்பின் கட்டிலுக்கு அடியில், தரையோடு தரையாக, குடிவந்ததுபோல் நின்றுவிட்டது. முறைப்படி அது பூமியைத் துளைத்துக்கொண்டு மறுபக்கக் கடலில் வெளியேறியிருக்க வேண்டும் என்று பிற்பாடு வந்த நிபுணர்கள் சொன்னார்கள். ஏன் போகவில்லை என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. உலகத்தை விழுங்கிவிடுமா என்று கேட்டதற்கு, விழுங்கும், ஆனால் அதற்குள் சூரியனே அணைந்துபோயிருக்கும் என்றார்கள். தெருக்காரர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. நாலைந்து ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்டது, சில நாள் குழாய்த் தண்ணீர் அந்த வீட்டுப் பக்கமாகச் சாய்ந்து விழுந்தது, வேறு சேதம் இல்லை.

சேதம் என்று சொன்னால் அந்த அறைக்குள் இருந்த நேரத்துக்குத்தான். அங்கே நேரம் ஏறக்குறைய நின்றுவிட்டது. மோதுவதற்கு ஒரு நொடி முன்னால் லிஃப்ட் மெக்கானிக் நாலு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அறை வாசலில் நின்று, "போறியா?" என்று கேட்டிருந்தார். வேறொரு ஊரில் நர்ஸ் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. போகட்டுமா என்று அவள் கேட்க ஆரம்பித்து வெகுநாள் ஆகிவிட்டது. அவர் கெட்டவர் இல்லை, கை நீட்டியதில்லை, குடித்ததில்லை. முடியாது என்று ஒருநாளும் சொன்னதில்லை, சரி என்றும் சொன்னதில்லை. எதைக் கேட்டாலும் பாக்கலாம் என்பார். ரேஷன் கார்டில் பெயர் திருத்துவதிலிருந்து கடற்கரைக்குப் போவதுவரை எல்லாம் பாக்கலாம்தான். கடைசியில் அவளே பெட்டியை இறக்கிவிட்டாள். அங்கே அறை எடுத்துக்கொண்டு பிள்ளையை அழைத்துக்கொள்வதாக முந்தின நாள் அக்காவிடம் சொல்லியிருந்தாளாம். அவர் கேட்டதற்குப் பதில் சொல்ல அவள் திரும்பத் தொடங்கினாள். அந்தத் திரும்பல் முடிவதற்குள் மகள் ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள்.

முதலில் அவளை வெளியே எடுக்கத்தான் பார்த்தார்கள். தீயணைப்புக்காரர்கள் நீளக் கழி ஒன்றை உள்ளே நீட்டினார்கள். கழியின் நுனி அறைக்குள் போனதும் அதுவும் அறையின் நேரத்துக்குக் கட்டுப்பட்டுவிட்டது, தள்ளவும் முடியவில்லை, இழுக்கவும் முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பூனை ஒரு பூச்சியைத் துரத்திக்கொண்டு உள்ளே பாய்ந்தது. பூச்சியும் பூனையும் கட்டிலுக்கு மேலே அந்தரத்தில் தங்கிவிட்டன. பூனை சௌக்கியமாக இருந்தது, பாய்ச்சல்தான் முடியவில்லை. ஆள் உள்ளே போகலாம், ஒரு வலியும் இருக்காது, ஆனால் இரண்டு எட்டு வைத்து அவள் கையைப் பிடித்துத் திரும்புவதற்குள் வெளியே ஒரு தலைமுறை போய்விடும் என்று நிபுணர்கள் கணக்குச் சொன்னார்கள். அதைக் கேட்டதும் லிஃப்ட் மெக்கானிக் செருப்பைக் கழற்றினார். மகள் பசிக்கிறது என்றாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

அதன்பிறகு அவர் செய்ததெல்லாம் அந்த வாசலை ஒட்டித்தான். உள்ளேயிருந்து பார்க்கிறவளுக்கு வெளியே நடப்பதெல்லாம் வெறும் கலங்கலாகத்தான் தெரியும், ஓடுகிற ரயிலிலிருந்து தண்டவாளத்துக் கல்லைப் பார்ப்பதுபோல, என்று ஒரு இளம் நிபுணர் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார். கல் தெரியாது, ஆனால் கூடவே வருகிற தண்டவாளம் தெரியும் அல்லவா என்று இவர் யோசித்தார். வாசலுக்கு நேராக ஒரு நாற்காலியைப் போட்டு அதன் கால்களைத் தரையில் சிமெண்ட் வைத்துப் பூசினார். வேலை முடிந்து வந்ததும் அதில் உட்காருவார். அவளுக்குப் பழக்கமான சாம்பல்நிறச் சட்டையைத்தான் போடுவார். கிழிந்தால் அதே நிறத்தில் இன்னொன்று தைத்துக்கொள்வார். சாய்வது, தலை வைப்பது எல்லாம் ஒரே இடத்தில். அத்தனை வருஷமும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, அவள் கண்ணுக்கு ஒரு ஆள் உட்கார்ந்திருப்பது மட்டும் தெரிந்தால் போதும் என்பது அவர் எண்ணம். மகளைப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார வைப்பார். அவள் வாய்ப்பாடு படித்ததும், அவளுக்குப் பேன் பார்த்ததும், முதல் சம்பளக் கவரைப் பிரித்ததும் அந்த ஸ்டூலில்தான். வளர்ந்துகொண்டே போகிற பிள்ளையை எப்படி அசையாமல் காட்டுவது என்பதற்கு மட்டும் அவருக்கு வழி தெரியவில்லை.

அறை மங்கிச் செம்பு நிறமாகிவிட்டிருந்தது. அதில் அவள் முகத்தை அவர் அளவுக்கு யாரும் படித்ததில்லை. மகள் ஒன்றாம் வகுப்பில் இருக்கும்போது தொடங்கிய ஒரு கண்ணிமைப்பு நாலாம் வகுப்பில் முடிந்தது. அதில் இமை முழுக்க மூடிக் கிடந்த ஒரு வருஷம் அவர் வீட்டில் ரேடியோ போடவில்லை. பிறகு கண் திறந்து, பார்வை மெல்ல நகர்ந்து, நாற்காலி இருந்த இடத்தில் வந்து நின்றது. அன்றைக்கு அவர் லீவு போட்டுவிட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். அவள் புருவத்தில் இருந்த சுருக்கம் தளர்ந்துகொண்டு வந்ததா, இறுகிக்கொண்டு வந்ததா என்பதில் தெருவில் இரண்டு கட்சி இருந்தது. தலைநகரில் பெரிய கட்டடங்களில் லிஃப்ட் பார்க்கக் கம்பெனி கூப்பிட்டபோது அவர் போகவில்லை. வேறு கல்யாணம் செய்துகொள்ளச் சொந்தக்காரர்கள் சொன்னபோது, "அவ பேசிட்டிருக்கா. நடுவுல எழுந்து போகக் கூடாது" என்றார்.

மகள் காது கேட்கும் கருவி பொருத்துகிற வேலைக்குப் படித்தாள். ஏன் அதைத் தேர்ந்தெடுத்தாய் என்று அவளை யாரும் கேட்கவில்லை. தபால்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு அதே வீட்டு மாடியில் குடியிருந்தாள். மருமகன் மாமியாரைவிட மூத்தவராக இருந்தார், அதைச் சொல்லித் தபால் ஆபீசில் கொஞ்ச நாள் கேலி செய்தார்கள். ஒரு மழைக்காலத்தில் அம்மாவின் உதடு பிரியத் தொடங்கியது. பல்லின் விளிம்பு தெரிந்தது. சுவரில் உள்ளங்கையை வைத்தால் ஒரு மெல்லிய அதிர்வு தட்டியது. மகள் கருவி ஒன்றைச் சுவரில் ஒட்டி, வருஷக்கணக்கில் அந்த அதிர்வைச் சேர்த்து, வேகமாக்கி, அப்பாவுக்குப் போட்டுக் காட்டினாள். இருபதுக்கு மேல் வருஷம் காத்திருந்தவருக்குக் கிடைத்தது ஒரே எழுத்து. 'இ' என்று கேட்டது. குரல் அவளுடையதேதான். அவர் அதை மறுபடி போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

இல்ல என்று சொல்ல வருகிறாளா, இரு என்றா, இப்பவே போறேன் என்றா? அடுத்த எழுத்துக்கு இன்னும் மூன்று நாலு வருஷம் ஆகும் என்றாள் மகள். அவருக்கு அப்போது வேலை ஓய்வு கொடுத்திருந்தார்கள். முழங்கால் தேய்ந்து, நாற்காலியிலிருந்து எழவே ஒரு கை தேவைப்பட்டது. ஒரு சாயங்காலம் மகள் ஸ்டூலில் உட்கார்ந்து அம்மாவைப் பார்த்தாள். தன்னைவிடச் சின்னவளாகிவிட்ட அம்மா. தலைமுடியை அள்ளிச் செருகியிருந்த விதத்தில் ஒரு அவசரம் இருந்தது. தங்கையாக இருந்தால் பிரித்துப் பின்னிவிட்டிருப்பாள்.

"நீங்க உள்ள போங்கப்பா" என்றாள்.

அவர் முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். பிறகு, "போறேன்னு சொல்லிட்டா?" என்று கேட்டார்.

"சொன்னா பெட்டியைத் தூக்கிக் கொடுங்க. கனமா இருக்கும்."

"நீ?"

"எனக்கு நீங்க ரெண்டு பேரும் கண்ணு முன்னாடிதானே இருப்பீங்க."

பாக்கலாம் என்று அவர் வாய்வரை வந்திருக்கும். வந்ததை விழுங்கிவிட்டுச் சரி என்றார். இரண்டு நாளில் கேஸ் சிலிண்டர் மாற்றி வைத்தார், மாடிக்குழாய் ஒழுகலை அடைத்தார். மருமகனிடம் மோட்டார் போடும் விதத்தைச் சொல்லிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக் கை கழுவியதும் மகளின் தலையில் ஈரக்கையை வைத்தார். சாம்பல்நிறச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு வாசற்படியைத் தாண்டினார். தாண்டிய கால் தரையைத் தொடவில்லை. மகள் விடியும்வரை உட்கார்ந்து பார்த்தாள். கால் அப்படியேதான் இருந்தது. ஆனால் அவர் முகம் ஏற்கனவே அந்தச் செம்பு வெளிச்சத்துக்குள் போய்விட்டிருந்தது. அதில் ஐந்து வயதோ பத்து வயதோ குறைந்ததுபோல் அவளுக்குத் தெரிந்தது. அடுப்படிக்குப் போய் அழுதாள், பிறகு வேலைக்குக் கிளம்பினாள்.

அடுத்த எழுத்து எப்போதோ வந்திருக்கும். அவள் கருவியைச் சுவரிலிருந்து எடுத்துத் தான் வேலைசெய்கிற கடைக்கே கொண்டுபோய்விட்டாள். அது தனக்குச் சொல்லப்பட்ட பதில் இல்லை என்று தபால்காரரிடம் சொன்னாள். அப்பாவின் கால் தரையில் பதிந்துவிட்டது, இன்னொரு கால் எழும்பியிருக்கிறது. கை பெட்டியை நோக்கி நீள்கிறதா, அவளை நோக்கியா என்று இங்கிருந்து பார்த்தால் சொல்ல முடியாது, இரண்டும் ஒரே திசையில்தான் இருக்கின்றன. மகளுக்கு நரை விழுந்துவிட்டது. மின்சார மீட்டர் பார்க்க வருகிற புதிய ஆள், வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லையா என்று கேட்டால், "உள்ள பேசிட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்துகிறாள். மீட்டர்காரர்களும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.