குப்பம்மா பேருக்கு வந்த செய்தி

கங்கையாவின் போனுக்கு அந்தச் செய்தி வரவே இல்லை. கூட வேலை செய்த சிரஞ்சீவிக்கு வந்துவிட்டது. இருவரும் நாயுடுபேட்டையில் அட்டைப்பெட்டி செய்யும் ஒரு கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில், லாரி நிழலில் உட்கார்ந்து, டிபன் மூடியைக்கூடத் திறக்காமல் சிரஞ்சீவி போனை எடுத்துக் காட்டினான்.

"பாரு மாமா, கவர்மெண்டு எம்பேர் சொல்லிக் கூப்புடுது. 'சிரஞ்சீவி காரு, உங்க பாப்பா யமுனாவுக்கு ஒம்பது மாசம் ஆயிடிச்சி. புதங்கிழமை தட்டம்மை ஊசி. நீங்க இட்டுக்கினு வருவீங்கன்னு காத்துக்கினு இருக்கோம்.' எங்க மாமியார்கூட என்ன மரியாதையா காருன்னு கூப்புட்டதில்ல."

கங்கையா போனை வாங்கித் தானே படித்தான். முப்பத்திரண்டு வயதில், மீசை நரைக்கத் தொடங்கிய பிறகு, பெரியவர்கள் வகுப்பில் எழுத்துக் கற்றவன் அவன். ஒவ்வோர் எழுத்தின் கீழும் விரலை வைத்தால்தான் படிக்க வரும். இந்தப் போனிலோ விரல் பட்டால் எழுத்தெல்லாம் மேலே ஓடிவிடும். இழுத்து இழுத்து நிறுத்திப் படித்து முடித்தான்.

"எனக்கு ஏன்டா வரல? எம்பொண்ணுக்கும் ஒம்பது மாசம் முடிஞ்சி பத்து நாளு ஆவுது."

"லிஸ்ட்ல உம் நெம்பரு இல்லையோ இன்னவோ. ஊருக்குப் போயி நர்ஸம்மாவக் கேளு."

ஊருக்குப் போவது பெரிய காரியமில்லை. ஊருக்குப் போய் மணியம்மாவிடம் 'ஊசி' என்று வாயைத் திறப்பதுதான் அவனால் ஆகாத காரியம். தலைச்சன் பிள்ளை ரமணாவை ஊசிக்குத் தூக்கிக்கொண்டு போனவன் அவன்தான். ஐந்தாம் நாள் பிள்ளை மூச்சடைத்துப் போய்விட்டது. நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது, ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். கங்கையா நம்பினான். மணியம்மா நம்பவில்லை. "நீதான தூக்கினு போன" என்று ஒரே ஒருமுறை சொன்னாள். அதன்பிறகு சொல்லவே இல்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

இரண்டாவதாகப் பெண் பிறந்ததும் பிச்சாட்டூரில் அவர்கள் தெருவில் பிள்ளை தங்காத வீட்டுக்கு எப்போதும் செய்கிறபடி செய்தார்கள். பிள்ளையைக் குப்பைமேட்டில் கிடத்தினார்கள். நான்கு பிள்ளைகளைப் பெற்று நான்கையும் ஆளாக்கிய பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி அதைப் பொறுக்கி எடுத்தாள். தன் பிள்ளை என்று நாலு பேர் கேட்கச் சொன்னாள். ஒரு படி தவிட்டை வாங்கிக்கொண்டு, வளர்க்கச் சொல்லி மணியம்மாவிடம் கொடுத்தாள். ஐந்து வயது முடியும்வரை யார் கேட்டாலும் அது பாப்பாத்தி பிள்ளை. பேர் குப்பம்மா. மணியம்மாவின் பிள்ளையைத் தேடிக்கொண்டு எமன் வந்தால் அந்த வீட்டில் அப்படி ஒரு பிள்ளையே இருக்காது.

நிஜப் பேர் சந்தியா. பெற்றவர்கள் இருவரும் பிள்ளையின் காதில் ஒருமுறை சொன்னதோடு சரி. அந்தப் பேர் வாசலைத் தாண்டியதில்லை.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டே கங்கையா சொன்னான்: "அந்தச் சேதிய எம்போனுக்கு அனுப்புடா."

அவன் கணக்கு இதுதான். தான் சொன்னால் அவள் கேட்கமாட்டாள். கவர்மெண்டே பேர் சொல்லிக் கூப்பிட்டால்? படித்துக் காட்டுவது மட்டும்தானே தன் வேலை? மறுநாள் சாப்பாட்டு நேரம் முழுக்க உட்கார்ந்து சிரஞ்சீவியின் பேரை அழித்துக் கங்கையா என்று போட்டான். அடுத்து யமுனா என்பதை அழித்தான். அந்த இடத்தில் குப்பம்மா என்று போட்டிருக்க வேண்டும். கவர்மெண்டு மரியாதையாகக் 'காரு' போட்டு எழுதுகிற செய்தியில் குப்பம்மாவா என்று விரல் கூசியது. சந்தியா என்று போட்டான். மகளின் பேரை எழுத்தில் பார்த்தது அன்றுதான். அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் சோறு ஆறிப்போனது.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனான். பிள்ளை மடியில் ஏறி அவன் சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டிருந்தது.

"ந்தாமே, கவர்மெண்டுலேர்ந்து எனக்கு ஒரு சேதி வந்துக்குது, கேளு" என்று படித்தான். "கங்கையா காரு, உங்க பாப்பா சந்தியாவுக்கு ஒம்பது மாசம்…"

மணியம்மா அரிசி களைந்துகொண்டிருந்தவள் எழுந்துவிட்டாள். கையில் தண்ணீர் சொட்டியது.

"இன்னா பேரு சொன்ன?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"யாருய்யா சொன்னது அவங்களுக்கு? உனக்கும் எனக்கும் தவுர யாருக்குத் தெரியும்? இந்த வூட்டப் பேர் சொல்லிக் கேட்டுக்கினு வந்துட்டாங்களா?"

"இல்லமே, நான்தான் எய்தினேன். சிரஞ்சீவிக்கு வந்தத வாங்கி, பேர மாத்தி…"

"நீ எய்துனியா? கூலி நோட்டுல கையெழுத்துப் போடவே நாக்கத் துருத்துற ஆளு நீ. கவர்மெண்டு மாதிரி உனக்கு எய்த வருதா? பேரக் குடுத்துட்டு வந்து மூடி மறைக்கிறியா?"

குலசாமி மேல் சத்தியம் செய்தான். மண்ணை அள்ளிச் சத்தியம் செய்தான். அவள் பிள்ளையை அவன் மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். பிடுங்கிய வேகத்தில் பிள்ளையின் வாயோடு ஒரு பொத்தான் வந்தது. அதை விரல்விட்டுத் தோண்டி எறிந்தாள். விடிந்ததும் முதல் பஸ்ஸில் பாகாலாவுக்குப் பக்கத்திலிருந்த தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது தடுத்திருக்கலாம். பிள்ளையை வாங்கிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு நடந்திருக்கலாம். ஒருமுறை அப்படித் தூக்கிக்கொண்டு போன கைதானே அது, நீள மறுத்தது.

இரண்டு மாதம் கழித்து மணியம்மாவின் தம்பி போன் செய்தான். "கொயந்தைக்கு அம்மா வந்திருக்கா மாமா. இந்தத் தெருவுல இது மூணாவது வூடு."

"தட்டம்மைடா அது. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போங்கடா."

"அம்மா எறங்கியிருக்கிற வூட்ல மருந்து மாத்திரையா? அக்கா கேக்காது மாமா."

கங்கையா போய்ச் சேர்ந்தபோது வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. பிள்ளையின் முகமெல்லாம் மணல் அள்ளிப் பூசியதுபோலத் தடித்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே போய் வந்தது. அந்த மூச்சு அவனுக்கு ஏற்கெனவே பழக்கமானது. மணியம்மாவும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவன் பிள்ளையைத் தூக்கினான். இந்தமுறை அவள் பிடுங்கவில்லை. துணிமூட்டையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தாள்.

திருப்பதியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்று நாள் பார்த்தார்கள். "ஊசி போட்டிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காது" என்று ஒரு நர்ஸ் தெலுங்கில் சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாம் என்பதுபோல மணியம்மாவின் தோளைத் தொட்டாள். மூன்றாம் நாள் மதியம் பிள்ளையின் மூச்சு அடங்கிவிட்டது.

காகிதம் எழுதுகிற பெண் அட்டையைக் கேட்டாள். மணியம்மா மூட்டையிலிருந்து ஊசி அட்டையை எடுத்து நீட்டினாள். கங்கையா அதை அதுவரை பார்த்ததே இல்லை. மடிப்பில் நொய் ஒட்டியிருந்தது; அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்திருக்கிறாள்.

"தாயார் பாப்பாத்தி யாரு?"

"பெத்தவ நான்தான்" என்றாள் மணியம்மா. பிள்ளை பிறந்ததிலிருந்து அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"அட்டையில பாப்பாத்தின்னு இருக்குதேம்மா. அவங்க வரட்டும். வந்து கைநாட்டு வெச்சாத்தான் குடுக்க முடியும்."

பாப்பாத்தி வரும்வரை மூன்று மணி நேரம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் வந்தாள். கைநாட்டு வைத்தாள். வெள்ளைத் துணியில் சுற்றியதை அவள் கையில்தான் கொடுத்தார்கள். அவள் அதை மணியம்மாவின் மடியில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

"புது நர்ஸம்மா வந்தப்போ, யார் கொயந்தன்னு கேட்டாங்க தம்பி. எனுதுன்னேன். அதான வழக்கம்? போன் நெம்பரு கேட்டாங்க, அதையும் சொன்னேன். அட்டை எய்திக் குடுத்தாங்க, மணியம்மாகிட்ட குடுத்துட்டேன். இந்தப் போனு ரெண்டு மூணு மாசமா டிங்கு டிங்குன்னு அடிச்சிக்கினே இருந்திச்சி. ரீசார்ஜுக்காரன் தொல்லன்னு வுட்டுட்டேன். இன்னிக்கி பஸ்ல பக்கத்துல குந்தின பொண்ணு பாத்துட்டு, இது கொயந்த ஊசிக்கு வந்த சேதி, அக்கான்னுச்சி."

கங்கையா போனை வாங்கினான். நான்கு செய்திகள் இருந்தன. எழுத்து எழுத்தாகப் படித்தான். பாப்பாத்தி காரு, உங்க பாப்பா குப்பம்மாவுக்கு ஒம்பது மாசம் ஆயிடிச்சி. பாப்பாத்தி காரு, குப்பம்மாவை இன்னும் கூட்டி வரவில்லையே. கடைசிச் செய்தி கொஞ்சம் நீளமாக இருந்தது. ஊசி என்றால் பயமாக இருக்கிறதா, அதில் தவறில்லை, நர்ஸம்மா உங்கள் வீட்டுக்கே வந்து உட்கார்ந்து பேசுவார், வரச்சொல்ல '1' என்று அனுப்பினால் போதும் என்று எழுதியிருந்தது.

நான்கிலும் குப்பம்மா என்றுதான் இருந்தது. ஒன்றில்கூட சந்தியா இல்லை.

"இன்னாய்யா எய்திக்குது?" என்று கேட்டாள் மணியம்மா.

அவன் நான்கையும் படித்தான். ஒரு சொல்லைக் கூட்டாமல், ஒரு சொல்லைக் குறைக்காமல் படித்தான்.

"இன்னா பேரு போட்டுக்குது?"

"குப்பம்மான்னு."

அவள் மடியிலிருந்ததைச் சரியாக வைத்துக்கொண்டாள். "அன்னிக்கி சந்தியான்னு படிச்ச. இன்னிக்கி குப்பம்மான்னு படிக்கிற. உன் வாயில வர்றதுதான் அதுல எழுத்தாய்யா?"

"இல்லமே. இதப் பாரு. இங்க பாரு" என்று அவள் முகத்துக்கு நேரே போனைப் பிடித்து, மகளின் பேர் இருந்த இடத்தில் விரலை வைத்தான். விரல் பட்டதும் எழுத்தெல்லாம் மேலே ஓடிவிட்டது.