வேற ஆளுங்க

வாண்டி தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்: "சார், நம்ம தோட்டத்துல வேற ஆளுங்க வந்து தங்கிட்டாங்க."

கோலாக் காட்டோரம் கொக்கோ பயிரிடும் மெண்டே ஜனங்களில் யாரைக் கேட்டாலும், சிம்பன்சிகளைத்தான் சொல்கிறான் என்பார்கள். தோட்டத்தில் அவற்றின் பெயரைச் சொன்னால், அழைப்பு வந்ததாக எண்ணிக் குடும்பத்தோடு கிளம்பி வந்துவிடும். ஆகவே மரியாதையாக 'வேற ஆளுங்க'.

ஆனால் தொலைபேசியில் அதைக் கேட்டது காடு காக்கும் சங்கத்தின் புது அதிகாரி கோக்கர்; ஃப்ரீடவுன் நகரத்துக்காரர், இந்த வழக்கம் தெரியாதவர். சங்கத்து விதி அவருக்கு மனப்பாடம்: காட்டை வெட்டாதே, காட்டோரம் யாரையும் குடிவைக்காதே. மீறினால், சங்கம் நல்ல விலைக்குக் கொக்கோ வாங்கும் பட்டியலிலிருந்து பெயரை நீக்கிவிடுவார்கள். அப்புறம் கொக்கோவைத் தரகன் காலடியில் கொட்டி, அவன் சொல்லும் விலைக்குத் தலையாட்ட வேண்டியதுதான்.

மறுநாள் காலை காவலர் இருவரோடு வந்து இறங்கினார்.

"யாரைக் கேட்டு ஆளுங்கள உள்ள விட்டே?"

"நான் எங்க சார் விட்டேன்? எங்க தாத்தா காலத்துலேர்ந்தே வர்றாங்க."

"அடப்பாவி, பரம்பரையா நடக்குதா! என்ன பண்றாங்க?"

"காயை உடைச்சுத் திங்கிறாங்க. மரத்த வளைச்சுப் படுக்கை போடுறாங்க."

"மரத்தையுமா! அவங்க பேர் என்ன?"

"பேர் சொல்லக் கூடாது சார்."

"மிரட்டி வெச்சிருக்காங்களா?"

"சொன்னா வந்துடுவாங்க சார்."

கோக்கரின் முகம் இறுகியது. "உன் பேரை நீக்கப்போறேன்."

வாண்டி இந்த அறுவடையை நம்பித்தான் கூரைக்குத் தகரம் சொல்லிவைத்திருந்தான்.

அவன் மனைவி யாட்டா தலையில் அடித்துக்கொண்டாள். "யோவ், வாயால சொல்லலன்னா கையாலயாவது காட்டித் தொலையேன்! சார், அண்ணாந்து பாருங்க."

கோக்கர் அண்ணாந்தார். இலைப் படுக்கையிலிருந்து கறுத்த ரோமக் கை ஒன்று நீண்டது. கொக்கோ ஓடு சரியாக அவர் தொப்பியில் விழுந்தது. காவலர்கள் அவசரமாக வேறு பக்கம் திரும்பி இருமினார்கள்.

"இவங்களா!" தொப்பியைக் கழற்றித் துடைத்த கோக்கரின் குரல் குழைந்துவிட்டது. "யோவ், இவங்களக் காப்பாத்தத்தான்யா எனக்குச் சம்பளமே வருது! உன் பேரு சங்கத்துல அப்படியே இருக்கும், போ."

வாண்டி நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

கோக்கரும் காவலர்களும் போனதும் யாட்டா அரிவாளை எடுத்தாள். "எந்திரி. அதுங்க விட்டுவெச்ச காயையாவது பறிப்போம்."

"ஒரு ரெண்டு மரத்த விட்டுடு. பாவம், தின்னட்டும்."

யாட்டா அவன் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.