இரண்டு ஆஸைக் கீழே வைத்தவன்

1.

இந்தக் கதை ஒரு சந்தேகத்தில் பிறந்தது. சந்தேகம் சிவகணேஷுடையது, நான் எடுத்துக்கொண்டேன். எழுதுகிறவன் எடுத்துக்கொண்டேன் என்று சொன்னால் கேட்காமல் எடுத்தான் என்றுதான் அர்த்தம். முதலிலேயே சொல்லிவிட்டேன், பிற்பாடு குறை சொல்லக் கூடாது.

தொடக்கத்தை இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன்.

"பாபநாசம் மலையில் மேகம் இறங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிவகணேஷ்—"

மேகத்துக்கும் சீட்டாட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? அழகாக ஆரம்பிக்கிறவன் எதையோ மறைக்கிறான்.

"கணேஷ்ராம் ஒரு துரோகி என்பது அன்றுதான்—"

இது அவசரம். ஆளை விசாரிக்கவே இல்லை, அதற்குள் தீர்ப்பு.

2.

சிவகணேஷும் கணேஷ்ராமும் விக்கிரமசிங்கபுரத்து நூல் ஆலையில் இருபது வருஷமாக ஒரே ஷிப்ட். காலையில் முக்குக் கடை வாசலில் ஒருவருக்காக ஒருவர் நிற்பார்கள். இரண்டு சைக்கிளும் சேர்ந்துதான் ஆலைக்குப் போகும்.

ஞாயிறு மத்தியானம் ஊர் மன்றத்தில் போக்கர் சீட்டாட்டம். காசு கிடையாது, பிளாஸ்டிக் வில்லைகள்தான். எல்லா வில்லையும் ஒருவரிடம் சேரும்வரை ஆடுவார்கள், அவருக்குக் கோப்பை. அதற்குத் துணிச்சல் வேண்டும். சிவகணேஷுக்கு அது ஏகத்துக்கும் உண்டு. வீட்டில் ஏழு கோப்பை இருக்கிறது.

பாளையங்கோட்டையில் நடந்ததோ வேறு மாதிரிப் போட்டி. கோவாவில் நடக்கும் பெரிய ஆட்டத்துக்கு ஐந்து பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். முதலாவது வந்தாலும் ஐந்தாவது வந்தாலும் ஒரே இடம், ஒரே ரயில் டிக்கெட். ஜெயிக்கவே வேண்டாம், ஐந்து பேர் மிஞ்சும்வரை தாக்குப்பிடித்தால் போதும். நல்ல சீட்டு வந்தாலும் ஆடாமல் கீழே வைத்துவிட்டு அடுத்தவன் தோற்கக் காத்திருப்பவன்தான் இங்கே கெட்டிக்காரன். சிவகணேஷ் அன்றைக்கு மன்றத்தில் ஆடுவதுபோலவே ஆடினான். வில்லைகள் கரைந்துகொண்டே வந்தன.

(இந்த வித்தியாசத்தை அவனுக்கு ஏன் யாரும் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். இப்போது கேட்காதீர்கள்.)

3.

ஆறு பேர் மிச்சம். இன்னும் ஒருவர் போனால் முடிந்தது. சிவகணேஷிடம் இரண்டே வில்லை. பெரிய குவியல்கள் இரண்டு, இரண்டும் சமம். ஒன்று கணேஷ்ராமுடையது. மற்றது அம்மையப்பனுடையது, கணேஷ்ராமின் தங்கை உலகம்மாளைக் கட்டியவன்.

அம்மையப்பன் தன் குவியலை முழுசாக நடுவில் தள்ளினான். கணேஷ்ராமும் தன் குவியலை ஈடாக வைத்தால் இருவரில் ஒருவர் வெளியே, சிவகணேஷுக்குக் கோவா. அவன் சென்னையைக்கூடப் பார்த்ததில்லை. ஆலையில் லீவு கேட்டு வைத்திருந்தான், புதுப்பை வாங்கியிருந்தான்.

கணேஷ்ராம் வெகுநேரம் பார்த்துவிட்டுச் சீட்டைக் கீழே வைத்தான், திறந்தபடி. காட்டிவிட்டு வைப்பது மன்றத்துப் பழக்கம், ஒளிவுமறைவு இல்லை என்பதற்காக அவர்களே ஏற்படுத்திக்கொண்டது.

"காட்ட வேண்டாம் சார்" என்றாள் சீட்டுப் போட்ட பிரேமலதா. அதற்குள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். இஸ்பேடு ஆஸ், ஆடுதன் ஆஸ். அதைவிட நல்ல ஜோடி சீட்டுக்கட்டிலேயே கிடையாது.

அடுத்த சுற்றில் கட்டாயமாக வைக்க வேண்டிய இரண்டு வில்லையையும் இழந்து சிவகணேஷ் எழுந்துகொண்டான்.

பஸ் ஸ்டாண்டில் கணேஷ்ராமிடம் கேட்டான்: "ரெண்டு ஆஸை எவனாவது கீழ வைப்பானாலே?"

"இந்த ஆட்டத்துல வைக்கலாம்லா."

"யாரு சொன்னா?"

கணேஷ்ராம் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தான்.

"தங்கச்சி மாப்பிள்ளைக்கு விட்டுக்குடுத்திருக்க. அத உன் வாயால சொல்லு, கேட்டுட்டுப் போயிருதேன்."

"நீ என்ன வேணாலும் நெனச்சுக்கோ."

4.

சந்தேகம் வந்தபின் சிவகணேஷுக்கு எல்லாமே சாட்சியாகத் தெரிந்தது. குவியலைத் தள்ளுமுன் அம்மையப்பன் இரண்டு தடவை இருமினான். கணேஷ்ராம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். கல்யாணப் பந்தியில்கூடத் தங்கை மாப்பிள்ளைக்கு முன்னால் உட்காராதவன் அவன். ஆட்டத்தில் மட்டும் எதிர்த்து உட்கார்ந்துவிடுவானா?

(சரியான ஆட்டமும் துரோகமும் மேஜையின்மேல் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. எது எது என்று கணேஷ்ராமுக்கே தெரியுமா என்பது என் சந்தேகம்.)

மறுநாளிலிருந்து சிவகணேஷ் முக்குக் கடைப் பக்கம் வராமல் கால்வாய்க்கரையைச் சுற்றிக்கொண்டு ஆலைக்குப் போகிறான்.

5.

முடிவுகள் சில.

கணேஷ்ராம் தன் டிக்கெட்டைச் சிவகணேஷிடம் கொடுக்கிறான். சிவகணேஷ் அதைக் கிழித்து— சினிமா மாதிரி இருக்கிறது.

பிரேமலதா ஆட்டத்தின் கணக்கை விளக்குகிறாள். சிவகணேஷுக்குப் புரிந்துவிடுகிறது, போய் மன்னிப்புக் கேட்கிறான். இந்த முடிவு எனக்கு ரொம்ப வசதி. அதனாலேயே நம்பவில்லை.

6.

அம்மையப்பன் நான்தான்.

அன்று காலை சிவகணேஷ் முண்டியடித்து பஸ்ஸில் ஏறி, எனக்கும் கணேஷ்ராமுக்கும் துண்டு போட்டு இடம் பிடித்துக் கொடுத்தான். அவனுக்கு முன்னால் ஒற்றை இடம்தான் கிடைத்தது. அம்பாசமுத்திரம் தாண்டியதும் நான் கணேஷ்ராமிடம் சொன்னேன்: "இன்னைக்கு ஆட்டம் வேற, மச்சான். பெரிய குவியல்காரன் முழுசாத் தள்ளுனா, ரெண்டு ஆஸ் வந்தாக்கூடக் கீழ வச்சிரும்."

"சிவகணேஷ்ட்டயும் சொல்லணும்லா, மாப்ளே."

"பைய சொல்லிக்கிடலாம்."

அப்படிச் சொன்னபோது குரலைத் தாழ்த்திக்கொண்டேன். இருப்பதே ஐந்து இடம். சிவகணேஷ் இரண்டு சீட் தள்ளி, புதுப்பையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

நான் தள்ளியபோது என் கையில் இருந்தது ஏழும் இரண்டும். வெறும் குப்பை. கணேஷ்ராம் வைத்துவிடுவான் என்று தெரிந்துதான் தள்ளினேன். ஆட்டத்துக்காக வைத்தானா, மாப்பிள்ளைக்காக வைத்தானா என்று நானும் கேட்கவில்லை, எனக்குக் கேட்கப் பயம். "யாரு சொன்னா?" என்ற கேள்விக்கு மட்டும் அவன் என் பெயரைச் சொல்லாமல் நின்றான். அது எனக்காகத்தான். வெட்கமாக இருக்கிறது.

7.

என் கதைகளை முதலில் படிப்பது எப்போதும் ஒரே ஆள்தான். பென்சிலோடு உட்காருவார், பிழைக்கு வட்டம் போடுவார், முடிவு பிடிக்காவிட்டால் ஓரத்தில் 'பொய்' என்று எழுதுவார்.

மேலே நீங்கள் என்றது உம்மைத்தான், வே. அவன் இவன் என்று எழுதியதற்கு மன்னியும், சிவகணேஷ். கீழே இடம் விட்டிருக்கிறேன். என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதும். ஒரு வரியையும் நான் அடித்துத் திருத்த மாட்டேன்.

ஒன்று மட்டும் தெரிந்துகொண்டு எழுதும். நீர் கால்வாய்க்கரையில் போகிற இந்தப் பதினேழு நாளும் கணேஷ்ராம் முக்குக் கடை வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். ஆலைச் சங்கு ஊதிய பிறகுதான் ஏறுகிறான். நாளைக்கும் நிற்பான்.