ஆயிரம் லிட்டர்

தலையில் ஷாம்பு போட்டுவிட்டு ஷவரைத் திருகினேன். நூல் மாதிரி ஒரு இழை தண்ணீர் நெற்றிவரை வந்து நின்றுவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு வாளியைத் துழாவினால் அடியில் ஒரு கை தண்ணீர்தான். அதைத் தலையில் ஊற்றியதும் மறுபடியும் அந்த நாற்றம். ஈரச் சாக்கை மூலையில் போட்டு மறந்தால் வருமே, அதைவிட ஒரு படி மேலே. அங்கேயே குனிந்து வாந்தியெடுத்தேன்.

ஒரு மாதமாக இதே கதைதான். எனக்கு மூன்றாம் மாதம் என்பதால் நான் சொல்வதற்கு அந்த வீட்டில் மதிப்பில்லாமல் போயிற்று. "தண்ணி நாறுகு அத்தே" என்றால் மாமியார் உலகம்மை சிரிப்பார். "மசக்கைல எல்லாம் நாறத்தான் செய்யும் மக்களே. பிரதீஷ் வயித்துல கெடக்கும்போ எனக்குச் சோறு வேகுத மணமே ஆவாது." என் கணவர் பிரதீஷுக்கு அம்மா சொல்வது டாக்டர் சொல்வதற்கு மேல்.

தண்ணீர் மெலிந்ததற்கு மட்டும் மாமனார் ஆறுமுகப்பெருமாள் வைத்தியம் பார்த்தார். குழாய் முனைகளைக் கழற்றி உப்பைச் சுரண்டினார். ஷவரை வினிகரில் ஊறப்போட்டார். டேங்க் உயரம் போதாது, பிரஷர் பம்ப் வைக்கணும் என்றார். கடைசியில் பழியைக் கீழ்வீட்டில் வாடகைக்கு இருக்கும் ஜினியின் தலையில் போட்டார். அவளுடைய ஒன்றரை வயதுக் குழந்தைக்குப் பத்து நாளாக வயிற்றுப்போக்கு. துணி அலசாமல் என்ன செய்வாள்? "தொறந்து விட்டுட்டே இருந்தா வேகம் எங்கேருந்து வரும்?" என்று மாடிப்படியில் நின்று அவளுக்குக் கேட்கும்படி சொன்னார். எங்களுடையது சைவ வீடு, சுத்தமான வீடு என்று மயிலாடி ஊர் முழுக்கச் சொல்லிக்கொள்கிறவர். ஆனிக் காற்றில் இரண்டு வீட்டுக்கும் பொதுவான டேங்கின் மூடி பறந்தபோது புது மூடி வாங்க மனம் வரவில்லை. ஒரு தகரத்தைப் போட்டு, சிற்பப் பட்டறையில் கழித்த கல்துண்டு ஒன்றை அதன்மேல் ஏற்றிவைத்தார். யானையே வந்தாலும் இது அசையாது என்றார். யானை வரவில்லை.

அன்று மத்தியானம் பிளம்பர் ஆன்ட்ரூஸ் வந்தார். மாமனார் அவரோடு ஏற, நானும் பின்னாலேயே மொட்டை மாடிக்குப் போனேன். தகரத்தை நகர்த்தியதும் அவர் தோள்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். வளைத்த கம்பியை உள்ளே விட்டு, குழாய் வாயை அடைத்துக் கிடந்ததை இழுத்தார். முதலில் வால் வந்தது. பிறகு அணில் என்று சொல்லக்கூடிய மீதி வந்தது, மயிர் தனியாக, தோல் தனியாக. இன்னொன்று கம்பியில் நிற்காமல் தண்ணீரிலேயே கரைந்து போயிற்று. சீரகம் போட்டுக் கொதிக்கவைத்து, மணமாக இருக்கிறது என்று ஒரு மாதமாக எல்லாரும் குடித்தது இதைத்தான்.

"அண்ணாச்சி, மொத்தத் தண்ணியையும் எறக்கி விடணும். நல்லா தேச்சுக் கழுவாம ஒரு சொட்டு எடுக்கப்பிடாது" என்றார் ஆன்ட்ரூஸ்.

"அத நான் பாத்துக்கிடுதேன். நீ போ மக்கா."

ஆன்ட்ரூஸ் போனதும் மாமனார் எங்களைக் கூட்டிவைத்துப் பேசினார். "ஆயிரம் லிட்டராக்கும். இனி வெள்ளிக்கிழமைதான் லைன்ல தண்ணி வரும். எறக்கிவிட்டா முத்தத்துலதான் ஓடும். கீழ உள்ளவ என்னதுன்னு கேப்பா, ஊரு சிரிக்கும். பிளீச்சிங் பவுடர் போட்டாச்சு, அது போதும்."

"அப்போ நமக்கு?" என்றார் அத்தை.

"நமக்குக் கேன் வாங்குவோம். பூஜைக்கும் அதுதான்."

"ஜினிக்கு?" என்று கேட்டேன்.

பிரதீஷ்தான் சொன்னார். "அப்பா சொல்லுகது சரிதான். நீ இதுல தலையிடாத. அவ காலி பண்ணிட்டுப் போனா வேற ஆள் கெடைக்காது."

அரைமணி நேரத்தில் அவரே பைக்கில் இரண்டு கேன் தண்ணீர் கொண்டுவந்தார். கீழ்வீட்டு வாசலைத் தாண்டும்போது தெரியக்கூடாதென்று கேன்களைத் துண்டால் மூடியிருந்தார். அணிலைவிட அந்தத் துண்டுதான் எனக்கு அதிகம் குமட்டியது. இந்த ஆளோடு ஒரே பாயில் படுக்கிறேனே என்று உடம்பு கூசியது. அத்தை முதல் கேனைத் திறந்து, டம்ளர் நிறைய ஊற்றி என்னிடம் நீட்டினார்.

"வயித்துப் பிள்ளக்காரி, நல்ல தண்ணியா குடி மக்களே."

டம்ளரை மேஜையில் வைத்துவிட்டுக் கீழே இறங்கினேன்.

ஜினி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுக்களைக் குழாயடியில் நின்றிருந்தாள். தண்ணீர் பீறிட்டுக் கொட்டியது. இத்தனை நாளில் அவள் முகத்தில் இப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

"சார்ட்ட சொல்லுங்கக்கா, இப்போ நல்ல வேகமா வருகு. பிள்ளைக்கு நாள் முச்சூடும் தண்ணி குடுக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காவ."

ஓஆர்எஸ் பொடி போட்ட பால்குப்பியைக் குழாய்க்குக் கீழே பிடித்திருந்தாள். அது பாதி நிறைவதற்குள் குழந்தை பொறுக்காமல் எட்டி, இரண்டு கையாலும் பிடித்து வாய்க்கு இழுத்தது. மாடியிலிருந்து பிரதீஷ் என்னைக் கூப்பிட்டார். இன்னொரு முறையும் கூப்பிட்டார், சத்தமாக. நான் எட்டிக் குழாயை அடைத்தேன். குழந்தையின் கையிலிருந்து குப்பியைப் பிடுங்கித் தொட்டியில் கவிழ்த்தேன்.

குழந்தை வீறிட்டது. ஜினி சிரிப்பு மாறாத முகத்தோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். படியில் பிரதீஷ் இறங்கி வரும் செருப்புச் சத்தம் கேட்டது.