ஒன்பதாவது பெஞ்சில் கேட்டதா

1

இந்தக் கதை எனக்குத் தோன்றவில்லை, என் தலையில் கட்டப்பட்டது. எங்கள் சபையின் ஐம்பதாவது ஆண்டு மலரில் கமிட்டியின் படம் போடுகிறார்கள். படத்துக்குக் கீழே முக்கால் பக்கம் காலியாக இருக்கிறதாம். 'புதிய ஒலியமைப்பு வந்த விதம்' என்று எதையாவது எழுதி நிரப்பிக் கொடுங்கள், நீங்கள்தான் கதை எழுதுகிறவராயிற்றே என்றார்கள். நான் இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் வெளியிட்டிருக்கிறேன். இரண்டும் மொத்தமாக என் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கின்றன. யார் எதை எழுதச் சொன்னாலும் மறுக்கிற நிலைமையில் நான் இல்லை.

முதல் தொடக்கம்: 'ஆண்டவருடைய அளவற்ற கிருபையினாலும் கமிட்டியாரின் அயராத உழைப்பினாலும்…' கிருபை சரி. அயராத உழைப்பு எங்கே என்று யோசித்து, எழுந்துபோய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன்.

இரண்டாம் தொடக்கம்: 'ஒலி என்பது யாது?' வேண்டாம். நீங்கள் ஓடிவிடுவீர்கள்.

மூன்றாம் தொடக்கம்: 'தூணுக்குப் பின்னால் இரண்டு பெண்கள்…' இத்தோடு கை நின்றுவிட்டது. எழுத வேண்டியதும் இதுதான், மலரில் எழுதக் கூடாததும் இதுதான். மலருக்கு வேறு எதையாவது கொடுத்துச் சமாளித்துக்கொள்கிறேன். இது உங்களுக்கு.

2

கமிட்டியில் மூன்று பேர். போதகர், பாடகர் குழுவை நடத்தும் டீச்சர், செயலாளர். கதை செயலாளரின் தோளுக்குப் பின்னால் நின்றுதான் பார்க்கும். ஆள் முதல் பெஞ்சில் உட்காருகிறவர், பிரசங்கத்தை வரி விடாமல் நோட்டில் எழுதுகிறவர், அறிவிப்பு வாசிக்கும்போது குரலைக் கொஞ்சம் கனமாக்கிக்கொள்கிறவர். (அவரை ரொம்பக் கிண்டலாக எழுதுகிறேனோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இருக்கட்டும், அவருக்கு அது வேண்டும்.)

பழைய ஒலிபெருக்கியில் போதகர் பேசினால் பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடுகிற மாதிரி இருக்கும். மாற்றியாக வேண்டும் என்பதில் மூவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. எதற்காக என்பதில்தான் ஆளுக்கொரு கணக்கு. போதகர், தான் மெதுவாகப் பேசினாலும் ஜனங்கள் நடுங்க வேண்டும் என்றார். டீச்சர் தன் குரலுக்குத் தனியாக ஒரு மைக் கேட்டார். "எதிர்த்த சபையில வெச்சிருக்கிறதைவிட ஒரு அடியாவது உயரமா இருக்கணும்," என்றார் செயலாளர்.

அவர் ஆசைப்படியே ஆள் உயரப் பெட்டிகள் இரண்டை முதலில் வாடகைக்குக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார்கள். டீச்சர் ஒரே ஒரு அடிதான் பாடினார். சுவர்க் கடிகாரம் ஆணியோடு கீழே வந்துவிட்டது. பெட்டிகள் அன்றைக்கே வண்டியேறின.

அடுத்து வந்தவர் வேறு ஒரு சவுண்டுக்காரர், வாய் திறக்காத மனிதர். கோயில் நடுவில் நின்று ஒரே ஒரு தரம் கையைத் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஜெபம் பண்ணுகிறார் என்று நினைத்து கமிட்டியும் கண்ணை மூடிக்கொண்டது. அவர் எதிரொலியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

"ஒல்லியா, சுவரோட ஒட்டுன மாதிரி நாலு ஸ்பீக்கர் போதுங்க," என்றார். "ஆனா அந்தத் தூணுக்குப் பின்னால மட்டும் எதுவும் போகாது. தூண்லயே சின்னதா ஒண்ணு தனியா மாட்டணும். அங்க யாரு உக்காருறாங்க?"

"அங்கயா? யாருமில்லீங்க. ரெண்டு லேடீஸ்," என்றார் செயலாளர்.

(இருவரில் ஒருத்தி அவருடைய மனைவி. இதை நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் வரவில்லை.)

3

சபையில் அவளை எல்லோரும் டோக்கன் அக்கா என்பார்கள். ஆஸ்பத்திரி வாசலில் டோக்கன் கொடுத்து, நம்பர் கூப்பிட்டு, திட்டு வாங்குகிற வேலை. சனிக்கிழமை இரவு ஷிப்ட் எப்படியும் அவள் தலையில்தான் விழும். காலையில் சீருடையைப் பையில் திணித்துக்கொண்டு நேரே ஆராதனைக்கு வருவாள். அதற்குள் எல்லாக் குடும்பங்களும் அவரவர் பெஞ்சில் பாய் விரிக்காத குறையாக உட்கார்ந்திருக்கும். தூணுக்குப் பின்னால் இருக்கிற ஒன்பதாவது பெஞ்சுதான் மிச்சம்.

பிறகு முன்னால் இடம் கிடைத்தபோதும் அவள் அதை விட்டு வரவில்லை. ஏன்? முதல் வரைவில் அவளுக்கு ஒரு பிள்ளை இறந்துபோயிருந்தது. தூணின் நிழலில் உட்கார்ந்து அவள் மௌனமாக… சீச்சீ. ஒரு பெண் ஒரு மணி நேரம் தனியாக உட்கார ஆசைப்பட்டால் அதற்கு வீட்டில் ஒரு சாவு விழ வேண்டுமா? அந்தப் பத்தியை அடித்துவிட்டேன். இரண்டாம் வரைவில் அவளுக்கு விசுவாசத்தைப் பற்றி ஆழமான சந்தேகங்கள் இருந்தன. அதுவும் என் மேதாவித்தனம்தான். உண்மை ரொம்பச் சாதாரணம். அவள் அங்கே நன்றாகத் தூங்கினாள்.

பக்கத்தில் உட்காருகிறவள் தையல்காரம்மா. அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு, அண்ணன் கடைக்கு விடிந்தது முதல் அடைகிறவரை தைத்துக் கொடுக்கிறவள். மூன்று வேளைச் சாப்பாடுதான் கூலி. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் இவளைத் தொட்டு எழுப்பினாள்.

"கண்ணை மூடி எவ்வளவு பயபக்தியாக் கேட்டீங்க அக்கா! எனக்கு ஒரு வார்த்தை விழல. ஐயா எதைப் பத்திச் சொன்னாரு?"

வசமாக மாட்டிக்கொண்டாள் டோக்கன் அக்கா. "பொறுமையைப் பத்தி," என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"திரும்பவுமா?"

தையல்காரம்மாவின் முகம் அப்படியே வாடிப்போனது. அதைப் பார்க்கப் பொறுக்காமல், "இல்ல, இந்தத் தடவை பொறுமைக்கும் ஒரு அளவு உண்டுன்னாரு," என்றாள்.

ஆரம்பம் அதுதான்.

4

அப்புறம் ஞாயிறுதோறும் ஒன்று. டோக்கன் அக்கா பஸ்ஸில் வரும்போதே யோசித்துக்கொண்டு வர ஆரம்பித்தாள். நிறுத்தவும் முடியவில்லை, நிறுத்த ஆசையும் இல்லை. எல்லாம் ஐயா பேரில்தான். ஒரு ஞாயிறு இப்படிச் சொன்னாளாம்:

"சோறு போட்டுட்டு வேலை வாங்குனா அதுக்குப் பேரு உறவு இல்ல, ஆள் வெச்சுக்கிறதுன்னாரு. யாரையும் குறிப்பா வெச்சுச் சொல்லல. பொதுவாத்தான் சொன்னாரு."

தையல்காரம்மா அடுத்த மாதம் அண்ணன் வீட்டைவிட்டு வந்துவிட்டாள். ஒரு அறை, ஒரு தையல் மிஷின், வாசலில் தன் கையாலேயே எழுதிய பலகை. இப்போது இரண்டு பெண்கள் அவளிடம் வேலை செய்கிறார்கள், கூலிக்கு. நன்றி மறக்காதவள். வருஷாவருஷம் போதகருக்கு ஒரு வெள்ளை அங்கி தைத்துக் கொண்டுவந்து கொடுக்கிறாள்.*

* இது எதற்கு என்று போதகருக்கு இன்றுவரை தெரியாது. அங்கி அளவு சரியாக இருந்ததால் அவர் கேட்கவில்லை.

5

செயலாளருக்கு இது தெரியவந்தது கோயில் வாசல் கேட்டில்.

"அண்ணே, அன்னிக்கு ஐயா அப்படி ஒரு வார்த்தை சொல்லலேன்னா நான் இன்னும் அங்கயேதான் கெடந்திருப்பேன்," என்று தையல்காரம்மா கண்கலங்கச் சொன்னாள். அது என்ன வார்த்தை, அக்கா அதைத் தன் காதில் எடுத்துச் சொன்னது எந்த ஞாயிறு என்பதையும் சொன்னாள்.

செயலாளர் வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினார். அந்த ஞாயிறு போதகர் நாற்பது நிமிடம் பேசியது சுற்றுச்சுவரைப் பற்றி. சுவர், அஸ்திவாரம், மறுபடியும் சுவர். பிறகு அவருக்கு மெல்ல மெல்ல விளங்கியது. அவருக்கு வந்தது…

அவருக்கு என்ன, எனக்கு. போதும் இந்த நாடகம். செயலாளர் நான்தான். டோக்கன் அக்கா என் வீட்டுக்காரி.

எனக்குக் கோபம் வந்தது என்று எழுதினால் மரியாதையாக இருக்கும். வந்தது பொறாமை. இருபத்திரண்டு வருஷமாக ராத்திரி பகல் பாராமல் எழுதுகிறேன். என் கதையைப் படித்துவிட்டு எவனும் உட்கார்ந்த நாற்காலியைக்கூட மாற்றிப் போட்டதில்லை. இவள் தூக்கக் கலக்கத்தில் சொன்ன ஒரு வரி, ஒருத்தியைப் பெட்டி படுக்கையோடு கிளப்பி விட்டிருக்கிறது. இன்னொன்றும் உண்டு, அதுதான் அதிகமாக வலித்தது. என்னிடம் அவள் பேசுவது 'சாப்டாச்சா', 'கதவைச் சாத்துங்க', இவ்வளவுதான். இத்தனை பேச்சு அவளுக்குள் இருப்பது எனக்குத் தெரியாது. நான் ஒருநாளும் கேட்டதில்லை என்பதும் உண்மை.

அடுத்த கமிட்டியில் மேஜையைத் தட்டினேன். "தூணுக்குப் பின்னாடி உக்காருறதும் ஆத்துமாதானே? அங்கயும் ஸ்பீக்கர் வெச்சே ஆகணும்!" டீச்சர் உருகிவிட்டார். போதகர் என் தோளில் தட்டிக்கொடுத்தார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஐயாவின் நிஜப் பிரசங்கம் அந்தப் பெஞ்சில் விழட்டும், இவள் தன் கதைக் கடையை அடைத்துக்கொள்ளட்டும் என்பதுதான் என் நீதி உணர்ச்சி.

6

பரிசோதனை ஒரு சனிக்கிழமை சாயங்காலம். எல்லோரும் வழக்கமாக உட்காருகிற இடத்தில் உட்கார வேண்டும், கேட்டால் கையைத் தூக்க வேண்டும், நான் முன்னால் நின்று நோட்டில் குறிக்க வேண்டும். டோக்கன் அக்கா ஷிப்டுக்குப் போகிற வழியில் வந்தாள். தையல்காரம்மா புது அங்கியோடு வந்தாள். தூணில் மாட்டியது கேட்டால் இருக்கட்டும், கேட்காவிட்டால் கழற்றி எடுத்துக்கொண்டு போகிறேன் என்றார் சவுண்டுக்காரர்.

போதகர் மைக்கைப் பிடித்தார். எதைப் பேசுவது என்று யோசித்தவர், ஆகிவந்த தலைப்பு ஒன்றை எடுத்தார்.

"குடும்பம்னா நாலு கஷ்டம் இருக்கத்தான் செய்யும். கோவிச்சுக்கிட்டுத் தனியாப் போறது ஆண்டவருக்குப் பிரியமில்ல…"

எனக்குத் திக்கென்றது. ஒன்று முதல் எட்டாவது பெஞ்சுவரை கைகள் எழுந்தன. ஒன்பதாவது?

ஒன்பதாவதில் கை தெரியவில்லை. எப்படித் தெரியும்? பேச்சை மறைக்கிற தூண் ஆளையும் மறைக்கும் என்பது மூன்று பேர் கொண்ட கமிட்டியில் ஒருவர் மண்டையிலும் உதிக்கவில்லை.

"கேக்குதாம்மா?" என்றார் போதகர், மைக்கில். பதில் இல்லை. "செயலாளரே, போய்ப் பாருங்க." சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

போனேன். தூணைத் தாண்டியதும் போதகரின் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி, தண்ணீர் போலத் தெளிவாக விழுந்தது. அதற்குக் கீழே என் மனைவி, தையல்காரம்மாவின் காதோடு வாய் வைத்து, மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

"…தனியா இருக்கிறவ வீட்டுக்கு ஆண்டவரே வருவாராம். வந்தாலும் சட்டுனு நுழைய மாட்டாராம். உள்ள வரலாமான்னு கேட்டுட்டு, அவ சரின்னா மட்டும்தான் வருவாருங்கிறாரு…"

தலைக்கு மேலே ஐயா, தனியாகப் போனவர்களைக் கண்டித்துக்கொண்டிருக்கிறார். கீழே இவள் 'ங்கிறாரு' என்கிறாள். தையல்காரம்மா அங்கியை மடியில் வைத்துக்கொண்டு, இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் இவள் நிறுத்தினாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் என்னிடம் எதையும் கேட்டிராதவள் கேட்டாள்:

"ஏங்க, கேக்கலைன்னு எழுதிக்கோங்க."

தையல்காரம்மா என்னை நேராகப் பார்த்தாள். "ஆமாண்ணே. எனக்கும் ஒண்ணும் கேக்கல," என்றாள். போதகர் அப்போது 'அண்ணன் தம்பி வீடு' என்ற இடத்துக்கு வந்திருந்தார்.

7

இங்கே இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் செயலாளர், உண்மைதான் பெரிது என்று 'கேட்டது' எனக் குறிக்கிறார், தையல்காரம்மா அழுகிறாள். அந்த ஆளை எனக்குப் பிடிக்கவில்லை. இன்னொன்றில் தையல்காரம்மா, முதல் ஞாயிறிலிருந்தே எல்லாம் தெரியும் என்று நீளமாக விளக்குகிறாள். அவள் அப்படி விளக்குகிறவள் இல்லை.

நடந்தது இது. "கேக்கலையாம்!" என்று முன்னால் பார்த்துக் கத்தினேன்.

"அதெப்படிங்க, சான்ஸே இல்லையே," என்று சவுண்டுக்காரர் ஓடி வந்தார்.

"நானும் இங்கதானே நிக்கிறேன். எனக்கும் கேக்கல."

அவர் தூணைப் பார்த்தார், எங்கள் மூவரையும் பார்த்தார். ஏணியைப் போட்டு அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார். நான் கட்டிய கதைகளில் ஒருவராவது நம்பிச் செயல்பட்டது அது ஒன்றுதான். அவரும் நம்பினாரா என்பது தெரியாது.

நான் முதல் பெஞ்சுக்குத் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. ஒன்பதாவது பெஞ்ச் குட்டையானது, இரண்டு பேருக்கும் அங்கிக்குமே சரியாக இருந்தது.

"கொஞ்சம் நகரேன்," என்றேன் என் மனைவியிடம். "அந்த ஆண்டவர் கதவுகிட்ட நின்னாரே, அப்புறம் என்ன ஆச்சு?"

அவள் தையல்காரம்மாவைப் பார்த்தாள். தையல்காரம்மா தரையைப் பார்த்தாள். இரண்டு பேரும் நகரவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. அவள் நகர்ந்தாள் என்று நானே எழுதிக்கொண்டால் அது என் கட்டிலுக்கடியில் கிடக்கிற கதைகளோடு இன்னொன்று. நோட்டும் கையுமாக நின்றுகொண்டிருக்கிறேன். உங்கள் பேச்சையாவது கேட்பாளா, கொஞ்சம் நகரச் சொல்லிப் பாருங்கள்.