ஜன்னலுக்கு வெளியே என்ன புல் நடுவது

மேனேஜருக்கு இப்போது உலகம் என்றால் ஒரே ஒரு ஜன்னல்தான். பக்கவாதம் வந்து பேச்சையும் கைகாலையும் கொண்டுபோய்விட்டது. பஸ் டிப்போவையே நடுங்க வைத்த மனிதர், காம்பவுண்டு சுவரையும் அதன் அடியில் வெயிலே படாத வெறும் மண்ணையும் பார்த்தபடி கிடந்தார். எத்தனை நாள்தான் ஒரு மனுஷன் மண்ணையே பார்ப்பது? பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

உடனே பாவம் பார்க்காதீர்கள். சுவர் எழும்புவதற்கு முன் அதே மண்ணில் மனைவி ஆசை ஆசையாகப் பூச்செடி வைத்திருந்தாள். அவள் வெளியூர் போன சமயம் பார்த்து ஆள் விட்டுப் பிடுங்கிப் போட்டவர் இவர்தான். "பூச்சி வரும். உனக்கு என்ன தெரியும்?" என்று ஒரே போடாகப் போட்டார். கல்யாணமான நாளிலிருந்து எதற்கும் அவளை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அவளேதான் இன்று நர்சரிக்காரரை இரண்டு தொட்டிகளோடு வரவழைத்திருந்தாள்.

"இந்த நிழல்ல பூவெல்லாம் பிழைக்காதும்மா. புல்லு மாதிரி செடிதான் சரிப்படும். ஒருதடவ வச்சா வருஷக்கணக்கா நிக்கும்," என்றார் அவர். "இது வெள்ளைக்கோடு போட்ட கோரை. இருட்டுல விளக்கு வச்ச மாதிரி இருக்கும், காத்துக்கு ஆடும். இது கருப்பு மோண்டோ புல்லு, இலையே கருப்பா இருக்கும். நல்ல செடிதான், ஆனா இங்க வச்சா மண்ணுக்கும் அதுக்கும் வித்தியாசமே தெரியாது."

"அவரையே கேட்டுடுவோம். பாக்கப்போறது அவர்தானே."

கோரைத் தொட்டியை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். "இது பிடிச்சிருந்தா கண்ண மூடுங்க."

மேனேஜர் இறுக மூடினார். அவளுக்குச் சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று இன்னொரு தரம் மூடினார். இவளையா இத்தனை வருஷம் ஆட்டிப்படைத்தோம் என்று தன்னையே நொந்துகொண்டார்.

"சரி, புரிஞ்சுது," என்றாள்.

தூசி வரும் என்று திரையை இழுத்துவிட்டுப் போனாள். மதியம் முழுக்க மண்வெட்டிச் சத்தம் கேட்டது. அவர் தூங்கவே இல்லை.

மாலையில் திரை விலகியது. சுவர் இருந்தது. மண் இருந்தது. உற்றுப் பார்த்த பிறகுதான் கருப்பு இலைகள் தெரிந்தன.

வெளியே பக்கத்து வீட்டுக்காரியின் குரல்: "கோரை அழகா இருக்கே. யார் பாத்து எடுத்தது?"

"அவர்தான். சமையலறைப் பக்கமா வச்சுட்டேன். நான் நிக்கிற இடம் அதுதானே."

"இந்த நிலைமையிலயும் அவரைக் கேட்டுச் செய்யறீங்களே. கொடுத்து வச்சவர்."

உள்ளே வந்தவள் அவர் வாயோரம் துடைத்தாள். முகத்தை ஜன்னல் பக்கமாகத் திருப்பி, தலையணையை அண்டக் கொடுத்தாள்.

"நல்லா பாருங்க. பத்து வருஷமானாலும் அத மாத்த வேண்டாமாம். உங்க இதயமும் திடமாத்தான் இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டார்."