பூஜ்ஜியத்தின் மேல் ஒரு கட்டம்

1

செல்லங்களே, முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இது திருட்டுக் கதை. மேல்வீட்டு டீச்சர் மாடிப்படியில் நின்று தன் அக்காவிடம் போனில் சொன்னதை, கதவிடுக்கில் காதை வைத்து எடுத்தேன்.

‘ஒன்றாம் வகுப்பு அறை அன்று காலை அமைதியாக…’

(அடித்துவிட்டேன். எந்த ஒன்றாம் வகுப்பு அமைதியாக இருந்திருக்கிறது?)

2

சுவரில் பெரிய தாள். அடியில் வரிசையாக 0, 1, 2, 3, 4. யாருக்கு எத்தனை பல் விழுந்திருக்கிறதோ, அந்த எண்ணுக்கு மேல் ஆளுக்கொரு காகிதக் கட்டம் ஒட்ட வேண்டும். வாய்களைச் சோதிக்கும் பொறுப்பு ‘பெரியமனுஷி’ என்று பெயர் வாங்கிய சிறுமிக்கு. காதில் பென்சில் வேறு.

“ஆ காட்டு. இன்னும் பெருசா. ரெண்டு! அடுத்த ஆளு வா.”

ஒட்டி முடிந்ததும் டீச்சர் கேட்டார்: “எத்தனை கட்டம்?”

“இருபத்தொண்ணு!”

“வகுப்புல எத்தனை பேரு?”

“இருபத்திரெண்டு!”

“அப்ப ஒருத்தர் எங்க?”

கடைசி பெஞ்சில் ஒருத்தி கட்டத்தை உள்ளங்கையில் மறைத்து உட்கார்ந்திருந்தாள். ஒரு பல்லும் விழாதவள். ‘முழுவாய்’ என்பது அவளுக்கு வகுப்பு வைத்த பெயர்.

“அவளுக்கு இடமில்ல டீச்சர்,” என்றாள் பெரியமனுஷி. “சைபர்னா ஒண்ணுமே இருக்கக் கூடாதுல்ல? காலியா விட்டாத்தானே சைபர்?”

(இந்த வாதத்தை மூன்று நாள் யோசித்தேன். எனக்கும் சரியென்றே பட்டது.)

“சைபர் அவ பல்லுக் கணக்கும்மா. அவ சைபர் இல்ல. அவ ஒரு ஆளு. ஆளுக்கு ஒரு கட்டம்.”

3

முழுவாய் எழுந்து வந்தாள். கட்டத்தின் பின்னால் பசை தடவினாள். நின்றுவிட்டாள்.

“அங்க நான் மட்டும் தனியா நிக்கணுமா? இந்தப் பல்லு ஆடுது டீச்சர், தொட்டுப் பாருங்க. ஒண்ணுல ஒட்டிக்கிறேனே.”

“விழுந்ததைத்தான் எண்ணணும் கண்ணு. விழப்போறதை இல்ல.”

“யாருக்குத் தெரியப்போவுது?”

இந்த இடத்தில்தான் டீச்சர், “அக்கா, குக்கர் சத்தம் போடுது” என்று போனை வைத்துவிட்டுப் படியேறிவிட்டார். முடிவு மேல்மாடியில். எனக்கு முட்டி வலி.

4

‘அந்த நொடியில் பல் டக்கென்று…’

ஒரே வரி. எழுதினால் விழுந்துவிடும், எழுதுகிறவள் நான்தானே? ஆனால் ‘விழப்போறதை இல்ல’ என்று டீச்சர் சொன்னது என் காதிலும் விழுந்து தொலைத்ததே!

சரி, நானே உள்ளே போய் என் கட்டத்தையும் ஒட்டித் துணை நிற்கலாமா? பால்பல்லோடு சேர்த்து எனக்கு விழுந்தது ஐம்பத்திரண்டு. தாள் முடிந்து, சுவர் முடிந்து, பக்கத்து வகுப்பில் போய் நிற்பேன், அவளைவிடத் தனியாக.

5

அவள் கை பூஜ்ஜியத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே அப்படியே நிற்கிறது. பசை காய்கிறது. நான் பேனாவை மூடிவிட்டேன். ஆடும் பல்லில் இனி என் கை படாது.

எங்கே ஒட்டட்டும்? நீங்கள் சொல்லுங்கள். ஆனால் யோசித்துச் சொல்லுங்கள், காதில் பென்சிலோடு ஒருத்தி உங்கள் பக்கம்தான் வந்துகொண்டிருக்கிறாள்.

“ஆ காட்டுங்க. இன்னும் பெருசா.”